உன் பக்கம் ஓடுகிறது

பட்டர்வொர்த்தில் ஏறி உட்கார்ந்ததும்
கைப்பேசியை நடுவில் படுக்க வைப்பேன்.
திரை இரண்டாகப் பிளக்கும்.
என் பக்கம் எண்கள் நேராக,
சற்குணன் பக்கம் தலைகீழாக.
அதாவது, அவருக்கு நேராக.
எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று
இவ்வளவு யோசித்த பொருள்
என் வீட்டில் வேறெதுவும் இல்லை.

ஆளுக்கு ஐந்து நிமிடம்.
ஃபெர்ரிக்குப் பத்தோ பன்னிரண்டோ,
சரக்குக் கப்பல் குறுக்கே போனால் இன்னும் கொஞ்சம்.
ஜார்ஜ்டவுன் துறையில் கயிறு விழுவதற்குள்
யாராவது ஒருவர் தோற்றாக வேண்டும்.

காந்தப் பலகை, உள்ளங்கை அகலம்.
கறுப்பு யானை ஒன்று போன தீபாவளிக்கு முன்பே தொலைந்தது.
அதன் இடத்தில் ஓர் இருபது சென்.
அது காந்தத்தில் ஒட்டாது.
படகு சாய்ந்தால் யானை தானாக நகரும்.
'கடல் ஆடிய ஆட்டம் செல்லாது' என்று
பழைய கட்டத்துக்கே தள்ளி வைப்போம்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டுகிறவர்.
நான் பிஷப் தெருவில் ஒரு வக்கீலுக்கு
பிறத்தியார் சொத்துப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவள்.
இதற்குமேல் கேட்டுக்கொண்டதில்லை.
"பசியாறிட்டீங்களா?" என்பார்.
"ஆச்சுண்ணா" என்பேன்.
பிறகு தட்டு, தட்டு, தட்டு.

இந்தக் கடிகாரத்தில் கொடியே கிடையாது.
நேரம் தீர்ந்தால் திரை சிவக்கும், ஒருமுறை நடுங்கும்.
ஆனாலும் "கொடி விழுந்துச்சும்மா" என்றுதான் சொல்வார்,
என் பக்கத்தைப் பார்த்து,
கொஞ்சம் வருத்தமாகவே.
காய்களால் நான் தோற்றது குறைவு.
கறிவேப்பிலை பொறுக்கவே
கால் மணி நேரம் எடுப்பவள் நான்.

சில நாள் நடுக்கடலில் இணையம் அறுந்துவிடும்.
முதல் தடவை பதறிப்போனேன்.
கடிகாரமோ
யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று மழை. பாலம் தெரியவில்லை.
என் ராஜா மூலையில்.
இருபது சென் அவனை முறைத்துக்கொண்டிருந்தது.
எனக்கு நாற்பது வினாடி.
அவருக்கு இரண்டு நிமிடம் பத்து.
குதிரையைத் தூக்கி வைத்தார்.
தட்டவில்லை.

2:09.
2:08.

மறந்துவிட்டார்.
சும்மா ஆட்டத்தில் சொல்லிவிடுவதுதான் மரியாதை.
போட்டியென்றால் சொல்ல வேண்டியதில்லை.
ஒரு வருடமாக நாங்கள் ஆடுவது எது என்று
அந்த நிமிடம் பார்த்து எனக்குத் தெரியாமல் போனது.
பலகையைப் பார்ப்பதுபோல எண்களையே பார்த்தேன்.
1:51.
எதிர் இருக்கையில் பள்ளிச் சீருடைப் பையன்
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல்
என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.
1:34.

"அண்ணா, தட்டலை நீங்க."

அவர் நிமிரவில்லை.
"தெரியும்மா. யோசிங்க.
உங்க பக்கம் கொஞ்சந்தானே இருக்கு."

நாற்பது வினாடியில் ஆடத் தெரிந்த எனக்கு
இனாமாக வந்த நேரத்தில் கை எழவில்லை.
யோசித்ததெல்லாம் காய்களைப் பற்றியும் அல்ல.
இவருக்கு யார் இருக்கிறார்கள் வீட்டில்?
சட்டைப் பொத்தானை ஏன் வேறு நிற நூலில் தைத்திருக்கிறார்?

படகு ஒருமுறை சாய்ந்தது.
இருபது சென் வழுக்கி
என் ராஜாவை விட்டு விலகிப் போனது.
அவர் அப்போது சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியும்.
நானே திருப்பித் தள்ளினேன்,
அவனை முறைக்கும் இடத்துக்கு.

கயிறு விழுந்தது.
எல்லாரும் எழுந்தார்கள், குடைகள் இடித்தன.
0:52.
"நாளைக்கு" என்றார், போய்விட்டார்.

நிறுத்த மனமில்லை.
திரையை அணையவிடாமல் கையில் ஏந்தியபடியே
கூரை போட்ட நடைபாதையில் நடந்தேன்,
அவர் பக்கத்து எண்கள் ஒவ்வொன்றாகக் குறைய,
தலைகீழாக.
டாக்சிகள் நிற்கும் இடத்தில் அது சிவந்தது,
ஒருமுறை நடுங்கியது.

"கொடி விழுந்துச்சுண்ணா" என்றேன்.
பக்கத்தில் வந்த சீனப் பெண்மணி
தன்னிடம் பேசினேனோ என்று திரும்பிப் பார்த்தார்.

யானையைப் பர்சில் தனி அறையில் போட்டுக்கொண்டேன்.
சில்லறையோடு சேர்ந்துவிட்டால்
எது என்று தெரியாது.